ஆவாரைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொன்ற கதை

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்பார்கள். மனிதர்கள் விஷயம் எனக்குத் தெரியாது. ஆவாரையே செத்ததைக் கண்டிருக்கிறேன், அதுவும் என் வீட்டு வாசலில், என் கையால்.

எங்களுடையது விருதுநகர் மாவட்டத்துக் கரிசல். மழை பெய்தால் காலில் இருக்கும் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வீடு கட்டிக் குடிவந்த புதிதில் ஆசை ஆசையாக ரோஜா, செம்பருத்தி, குரோட்டன்ஸ் என்று வாங்கி வைத்தேன். ஒரு கோடையில் போர் வற்றிவிட்டது. குடிக்கவே லாரித் தண்ணீர் என்றான பிறகு குரோட்டன்ஸுக்கு யார் ஊற்றுவது? மே மாதத்துக்குள் மல்லிகையைத் தவிர எல்லாம் சருகு. மல்லிகையும் பாத்திரம் கழுவிய தண்ணீரில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதே மே மாதம், ஊருக்கு வெளியே கரட்டுக்குப் போகிற வண்டிப்பாதையில் ஆவாரை பூத்துக் கிடந்தது. சுற்றிலும் புல் பூண்டு இல்லை. சரளைக்கல், வெயில், நடுவில் மஞ்சள். இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டே போன செடிதான். அன்றைக்குத்தான் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். தானாக வளர்கிற இதை வீட்டில் கொண்டுவந்து வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். காட்டில் தானாக வளர்வதும் வீட்டில் வளர்ப்பதும் வேறு வேறு வேலை என்பது புரிய இரண்டு வருஷம் ஆனது.

முதல் தப்பு, தோண்டி எடுத்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் கடப்பாரை, மண்வெட்டியோடு கிளம்பினோம். முழங்கால் உயரத்துக்கும் குறைவான செடியாகத் தேடிப்பிடித்தோம். சின்னச் செடிதானே, வேர் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்ற கணக்கு. ஒரு முழம் தோண்டியும் வேர் மெலியவில்லை. சுண்டுவிரல் தடிமனில் நேராகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. பக்கவேர் என்று சொல்ல நூல் மாதிரி நாலைந்துதான். இன்னொரு சாண் இறங்கியபோது கடப்பாரை கல்லில் மோதியது, வேர் 'டக்'கென்று முறிந்தது. இவ்வளவு வேர் போதாதா என்று நினைத்துக்கொண்டு அப்படியே மூன்று செடிகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து நட்டோம்.

ஆவாரை சாயங்காலமானால் சிற்றிலைகளை மடக்கிக்கொள்ளும், விடிந்ததும் விரிக்கும். நட்ட மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கும் மடக்கியது மடக்கியபடியே இருந்தது. ஒரு வாரத்தில் மூன்றும் காய்ந்த குச்சி. இலைக்குத் தண்ணீர் அனுப்பும் மெல்லிய வேர்நுனிகளெல்லாம் கரட்டில், நாங்கள் விட்டுவந்த பள்ளத்தில் இருந்தன. வறட்சியைத் தாங்கும் செடி என்பதன் அர்த்தமே அதுதான்: அது தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்கவில்லை, நமக்குத் தெரியாத ஆழத்தில் ஈரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தத் தொடர்பை அறுத்துவிட்டால் ரோஜாவைவிடச் சீக்கிரம் செத்துப்போகும். காட்டில் நன்றாக இருந்த மூன்று செடிகளை வீணாக்கிய வருத்தம் இன்னும் உண்டு. தயவுசெய்து யாரும் தோண்டாதீர்கள்.

அப்புறம் நாற்று வாங்கினேன். ஆவாரை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நன்றாக வளர்ந்தது, சந்தேகப்படும் அளவுக்கு நன்றாக. நாலு மாதத்தில் மஞ்சளாகப் பூவும் வந்தது. என் மாமியார் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது பேயாவாரைல்லா, ஒனக்கு ஆவாரைன்னு எவன் குடுத்தான்?"

அத்தை சொன்னது சரி. பேயாவாரை நம் ஊர்ச் செடியே இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே குப்பைமேடு எங்கும் பரவியது. சென்னா என்ற இந்தக் கூட்டத்தில் மஞ்சள் பூப் பூக்கிறவை நிறைய. தகரை, நிலவாகை, சீமை அகத்தி எல்லாம் ஒன்றுவிட்ட உறவுதான். அழகுக்கு என்று கொண்டுவரப்பட்ட ஒரு வகை நீலகிரிக் காடுகளில் புகுந்து, அதை வெட்டி அகற்றுவதே பெரிய வேலையாகியிருக்கிறது. அதனால் மஞ்சள் பூ என்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது.

நான் இப்போது பார்ப்பது காதை. உண்மையாகவே காதுதான். ஆவாரையின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் சின்னக் காதுமடல் மாதிரி பச்சைச் செதில் தண்டைத் தழுவிக்கொண்டு நிற்கும். இலை விரிந்த பிறகும் உதிராது. செடியின் தாவரவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா, அந்த ஆரிகுலா என்பது லத்தீனில் சின்னக் காது. பூ இல்லாத நாற்றிலேயே இதைப் பார்க்கலாம். சிற்றிலை எண்ணிக்கையும் உதவும். ஆவாரையில் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி, நுனி மழுங்கியிருக்கும். பேயாவாரையில் நாலைந்து ஜோடிதான், நுனி கூராக இருக்கும், கசக்கினால் அத்தை முகம் சுளித்த அந்த வாடை. பூ வந்துவிட்டால் ஆவாரையில் சந்தேகமே வராது. இதழ் பெரிது, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் நரம்பு ஓடும்.

பேயாவாரையைப் பிடுங்கிவிட்டு, தெரிந்தவர் ஒருவர் விதை போட்டு வளர்த்த உண்மையான ஆவாரை நாற்று ஒன்றை வாங்கிவந்து வைத்தேன். காது இருந்தது, எண்ணிப் பார்த்தேன், பத்து ஜோடி இலை. இதைக் கொன்றதுதான் மனசு ஆறாதது.

வைத்த இடம் மல்லிகைப் பாத்தி ஓரம். அங்கேதானே தண்ணீர் போகிறது, பக்கத்தில் இருந்தால் இதுவும் பிழைத்துக்கொள்ளும் என்ற நல்ல எண்ணம். முதல் இரண்டு மாதம் தளதளவென்று இருந்தது. அப்புறம் அடியிலை மஞ்சளடித்தது. வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று ஒரு குடம் கூட ஊற்றினேன். இன்னும் மஞ்சளானது. இன்னும் ஒரு குடம். ஆடு மேய்க்கிற தாத்தா ஒருவர் தினமும் எங்கள் தெரு வழியாகத்தான் போவார். நான் குடத்தோடு நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன தாயி, ஆவாரைக்கா தண்ணி ஊத்துறீக?"

"ஆமா தாத்தா, வாடிக்கிட்டே போகுது."

"கரட்டுல கெடக்குறதுக்கு யாரு ஊத்துறா? மூச்சு முட்டுதுல்ல அதுக்கு."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பத்து நாளில் செடி சாய்ந்தது. பிடித்து இழுத்தேன், எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்தது. வேர் பழுப்பாக இருந்தது. விரலால் அழுத்தினால் அவித்த கடலைத் தோல் மாதிரி மேல்தோல் தனியாக உருவிக்கொண்டு வந்தது, உள்ளே நார் மட்டும். சாக்கடை வாடை.

மூச்சு முட்டுது என்று தாத்தா சொன்னது பேச்சுக்குச் சொன்னதில்லை. வேருக்கும் காற்று வேண்டும். மண்துகள்களுக்கு இடையே இருக்கிற காற்றிடம் முழுக்கத் தண்ணீர் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுவிட முடியாமல் சாகும், செத்த வேரில் பூஞ்சை ஏறும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். நாம் வாடலைப் பார்த்து மறுபடி ஊற்றுவோம். கரிசலில் இது இரண்டு மடங்கு ஆபத்து, களிமண் நீரைப் பிடித்தால் விடாது. மேலே காய்ந்து வெடித்திருக்கும், ஒரு சாண் கீழே பிசைந்த மாவு மாதிரி இருக்கும். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தச் செடி வாடினாலும் முதலில் ஒரு கம்பியை மண்ணில் ஒரு சாண் இறக்கி, உருவித் தொட்டுப் பார்ப்பேன். கம்பியில் சேறு ஒட்டினால் தண்ணீர் கிடையாது.

இனி விதை போடுவது என்று முடிவு செய்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

ஆவாரை நெற்று தட்டையாக, காகிதம் போல மெல்லியதாக இருக்கும். விரல் நீளம். உள்ளே விதை இருக்கும் இடம் ஒவ்வொன்றும் வெளியே மேடாகத் தெரியும். செடியிலேயே பழுப்பாகக் காய்ந்து, ஆட்டினால் கலகலக்கும்போது பறிக்க வேண்டும். ஒரே செடியில் பறிக்காமல் ஏழெட்டுச் செடியில் நாலு நாலாக எடுத்தேன். காட்டுக்கும் மிச்சம் இருக்கும், நமக்கும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்காது. பறித்ததை வீட்டில் உடைத்துப் பார்த்தால் பாதி விதையில் குண்டூசித் துளை. உள்ளே வண்டு தின்றுவிட்டுப் போயிருந்தது. துளை இருப்பதைத் தூக்கிப்போட்டுவிட்டு, நிழலில் இரண்டு நாள் வைத்து, மிச்சத்தைக் காகித உறையில் போட்டேன்.

அப்படியே விதைத்தால் முளைக்காது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது விதை போட்டு இருபது நாள் காத்திருந்தேன், முளைத்தது மூன்று. மண்ணைக் கிளறினால் மிச்ச விதையெல்லாம் போட்டது போட்டபடி, மினுமினுப்புக்கூடக் குறையாமல் கிடந்தது. தண்ணீரே உள்ளே போகாத தோல். செடியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். கோடையில் தப்பித்தவறிப் பெய்யும் ஒற்றை மழையை நம்பி எல்லா விதையும் முளைத்துவிட்டால், அடுத்த வாரம் அத்தனையும் கருகிவிடும். வெயிலிலும் மழையிலும் தோல் தேய்ந்து தேய்ந்து, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக முளைத்துக்கொள்ளும்.

நமக்கு அந்தப் பொறுமை இல்லை, எனவே இரண்டு வழி. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு நிமிஷம் கழித்து விதையின் மேல் ஊற்றி, இரவு முழுக்க அப்படியே விட வேண்டும். அடுப்பிலேயே வைத்து வேகவிட்டால் விதை சுண்டலாகிவிடும். காலையில் சில விதைகள் ஊறி இரண்டு மடங்காகப் பருத்திருக்கும், அவற்றை மட்டும் எடுத்து விதைத்தேன். பருக்காதவற்றுக்கு மறுபடி ஒருமுறை. இன்னொரு வழி, விதையின் ஒரு ஓரத்தை உப்புத்தாளில் நாலு இழு இழுத்து உள்ளிருக்கும் வெளிர்நிறம் லேசாகத் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, சாதாரணத் தண்ணீரில் ஊறப்போடுவது. முளைக்கண் இருக்கிற முனையைத் தேய்க்கக் கூடாது. இது கைவேலை, இருபது விதைக்கு ஒரு மணி நேரம் பிடித்தது, விரல்நகமும் கொஞ்சம் தேய்ந்தது. ஆனால் ஏறக்குறைய எல்லாம் முளைத்தது. ஐந்தாறு செடி போதும் என்பவர்கள் உப்புத்தாள் வழியில் போகலாம். வேலி முழுக்க வைக்கப்போகிறவர்கள் வெந்நீர் வழியில் போகலாம்.

ஒரு வாரத்தில் முளை வந்துவிட்டது. மேலே இரண்டு விரற்கடை உயரம் இருக்கும்போது ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். மேலே இருந்ததைப்போல மூன்று பங்கு வேர் கீழே! இதனால்தான் சின்னத் தொட்டியில், தட்டில் எல்லாம் நாற்று விடக் கூடாது. வேர் அடியில் முட்டிச் சுருண்டுவிட்டால், பிறகு தரையில் வைத்தாலும் அந்தச் சுருளோடுதான் கிடக்கும். உயரமான பாலித்தீன் பைதான் சரி. செம்மண், மணல், கொஞ்சம் மக்கிய தொழு உரம். பையின் அடியில் தாராளமாகத் துளை. நாற்று ஒரு சாண் வந்ததும் நட்டுவிட வேண்டும், பையில் பெரிதாக்கி அழகு பார்க்கக் கூடாது. நடப்போகும் இடம் முன்பே முடிவாகிவிட்டால், ஊறிய விதையை அங்கேயே நேராக ஊன்றிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. எங்கள் வீட்டில் கோழி உண்டு, அதனால் எனக்கு அது சரிப்படவில்லை.

நான் ஆவணியில் விதைத்தேன், ஐப்பசி மழை தொடங்கியதும் நட்டேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேர் இறங்க வேண்டிய வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இடத்துக்குத்தான் அதிகம் யோசித்தேன். கரிசலிலும் ஆவாரை வளரும், ஓடைக்கரைச் சரிவில், வரப்பு மேட்டில் பார்க்கலாம். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் பார்க்க முடியாது. எனவே வீட்டு முன்னால் மேற்குப் பக்கம், நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் ஒரு மேடு போட்டோம். கரிசலோடு கொஞ்சம் மணலைக் கலந்தால் பொலபொலப்பாகிவிடும் என்று நினைக்காதீர்கள். இரண்டு சட்டி மணல் போட்டுக் கலந்து பார்த்தேன், களி அதையும் விழுங்கிக்கொண்டது. வீடு கட்டியபோது மிஞ்சிய உடைசெங்கல், சரளை, செம்மண் மூன்றையும் கொட்டி, முழங்கால் உயரத்துக்கு மேடு, நாலு அடி அகலம். அதன் மேல் நாலு நாற்று, செடிக்குச் செடி ஐந்து அடி. பார்க்க ரொம்ப இடைவெளி மாதிரித் தோன்றும். இரண்டு வருஷத்தில் கை கோத்துக்கொள்ளும்.

தண்ணீர்க் கணக்கு இதுதான். முதல் மாதம், மழை இல்லாத நாட்களில், நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு சொம்பு. அப்புறம் தை, மாசியில் வாரம் ஒருமுறை, ஆனால் மெதுவாக, நிறைய. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றினால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆழமாக நனைத்துவிட்டுக் காயவிட்டால்தான் ஈரத்தைத் துரத்திக்கொண்டு கீழே போகும். முதல் கோடையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை. இரண்டாம் வருஷத்திலிருந்து ஒரு சொட்டுக்கூட இல்லை.

அந்த முதல் கோடைதான் பரீட்சை, செடிக்கு அல்ல, நமக்கு. சித்திரை கடைசியில் பாதி இலையை உதிர்த்துவிட்டு நின்றது. கை குடத்தைத் தேடியது. பக்கத்து வீட்டு அக்கா, "பாவம், ஒரு வாய்த் தண்ணி ஊத்தேன்" என்றார். நான் தண்டில் நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை. பச்சை இருக்கிற வரை கவலை இல்லை. இலை உதிர்ப்பது செலவைக் குறைத்துக்கொள்வது மாதிரி, வருமானம் இல்லாத மாதத்தில் நாமும் செய்வதுதான். முதல் மழைக்கு ஒரே வாரத்தில் துளிர்த்துவிட்டது.

ஆவணியில் முதல் மொட்டு. தாத்தா சொன்ன நாளிலிருந்து இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன், ஆனால் பூத்தபின் என்னை உட்காரவைத்தது பூவைவிட அதற்கு வந்த வண்டு.

கருவண்டு. கட்டை விரல் பருமன், மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுமே, அந்தத் தச்சு வேலை செய்கிறது. பெயர்தான் வண்டு, உண்மையில் தேனீ இனம். காலை ஏழரைக்கு வரும். பறந்து வரும்போது கனமான ரீங்காரம். பூவைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்ததும் சத்தம் நின்றுவிடும். அடுத்த நொடி வேறொரு சத்தம், ஏழு கட்டைச் சுருதியில், விட்டு விட்டு: ஸீங், ஸீங். இறக்கை அசையவில்லை. உடம்பு மட்டும் நடுங்குகிறது, பூவும் சேர்ந்து நடுங்குகிறது. விட்டு எழுந்தால் நெஞ்சுப்புறம் முழுக்க மஞ்சள் பொடி.

ஆவாரையின் மகரந்தப்பை மற்றப் பூக்களைப் போலப் பிளந்து திறக்காது. நுனியில் ஒரு சின்னத் துளை மட்டும், மூடியில் ஓட்டை போட்ட பவுடர் டப்பா மாதிரி. தட்டினால்தான் கொட்டும். பறப்பதற்கான தசையை, இறக்கையை அசைக்காமலே அதிரவைக்கத் தெரிந்த தேனீக்களுக்குத்தான் அது முழுசாகக் கொடுக்கும். நம் அடுக்குத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும். நம்பாத என் மகள், பேட்டரியில் ஓடும் டூத்பிரஷ்ஷைக் கொண்டுவந்து மகரந்தப்பையில் தொட்டுப் பார்த்தாள். கையில் மஞ்சள் புகை மாதிரி கொட்டியது. இதில் வளர்ப்பவருக்கான பாடம், நெற்று பிடிக்கவில்லை என்றால் உரத்தைத் தேட வேண்டாம், வண்டு வருகிறதா என்று பாருங்கள். எங்கள் வேலியோரம் பட்டுப்போன முருங்கைக் கட்டை ஒன்றை எடுக்காமல் விட்டிருக்கிறோம், அதில்தான் கருவண்டு குடியிருக்கிறது. வீட்டு வாசல் நிலையைத் துளைப்பதைவிட இது மேல்.

பூவில் தேன் கிடையாது, பொடி மட்டும்தான். இனிப்பு இலையில் இருக்கிறது. ஒவ்வொரு ஜோடி சிற்றிலைக்கும் நடுவே, இலைநரம்பின் மேல் முள் போல மெல்லியதாக ஒரு சுரப்பி நிற்கும். எறும்பு வரிசை கட்டி ஏறுவது அதற்காக. செடியில் ஏதோ நோய் என்று நான் முதலில் சோப்புத் தண்ணீர் அடித்து எறும்பையெல்லாம் விரட்டினேன். எந்த நோயும் இல்லை. எறும்பு நடமாடும் செடியில் மற்றப் பூச்சி தயங்கும், அதற்குச் செடி கொடுக்கும் கூலி அந்த இனிப்பு.

இருந்தாலும் புழு வரும். வரத்தான் வேண்டும். இரண்டாம் மழைக்காலத்தில் வெளிர்பச்சை கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, தளிர் இலைமேல் அரிசிமுனை மாதிரி வெள்ளை முட்டையை ஒவ்வொன்றாக நிறுத்திவைத்துவிட்டுப் போயின. பத்து நாளில் ஒரு செடி மொட்டை. பச்சைப் புழு, பக்கவாட்டில் கறுப்புப் புள்ளி வரிசை, அதன்கீழ் வெளிர் கோடு. இலைக்காம்போடு ஒட்டிப் படுத்துக்கொண்டால் கண்ணுக்கே தெரியாது. வீட்டுக்காரர் மருந்து அடித்துவிடலாமா என்று கேட்டார். இது இந்தப் பூச்சி வாழ்கிற செடிகளில் ஒன்று, கொன்றையும் ஆவாரையும் இல்லாவிட்டால் அதற்கு வேறு போக்கிடம் குறைவு. விட்டுவிட்டோம். மூன்று வாரத்துக்குள் கூட்டுப்புழுவாகி, பறந்தும் போய்விட்டன. மொட்டைச் செடி அடுத்த மாதமே பழையபடி. வளர்ந்த ஆவாரை இதற்கெல்லாம் சாகாது. ஒரு சாண் நாற்றில் புழு ஏறினால் மட்டும் கையால் எடுத்துப் பெரிய செடியில் விட்டுவிடுவேன்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, போடாதீர்கள். நாலில் ஒன்றுக்கு ஆட்டுப்புழுக்கை வைத்துப் பார்த்தேன். தலைக்கு மேல் வளர்ந்தது, இலை கருகருவென்று இருந்தது, பூ மற்ற மூன்றில் பாதிகூட இல்லை. பயறு வகைக் குடும்பம்தானே, தனக்கு வேண்டிய சத்தைத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் இல்லை. உளுந்து வேரில் பார்க்கிற முடிச்சு இந்தச் சென்னா வகைகளில் கிடையாது. அது ஏழை மண்ணுக்குப் பழகிய செடி, அவ்வளவுதான்.

வெட்டுவதுதான் முக்கியம். விட்டால் ஆள் உயரம் போய், அடி மொட்டையாகி, நுனியில் மட்டும் பூக்கும். பூக்கொத்து கிளை நுனிப் பக்கம்தான் வருகிறது, அதனால் நுனி எத்தனையோ அத்தனை பூ. நெற்று காய்ந்து விதை எடுத்தபின், ஆடியில், இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுகிறேன். பயந்து பயந்து வெட்ட வேண்டியதில்லை, வெட்டிய இடத்தில் நாலைந்து துளிர்க்கும். வெட்டின தழையை மல்லிகைக்கு மூடாக்காகப் போடுகிறேன், வயலுக்குத் தழையுரமாக இதைப் போடும் வழக்கம் முன்பு இருந்ததாக அத்தை சொல்வார். காலம்காலமாக இதற்குக் கத்தி விழுந்தது பட்டைக்காகத்தான். தோல் பதனிடுவதற்கு ஆவாரம்பட்டைதான். பிறகு வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தின் பட்டையும் ரசாயனமும் வந்து அந்த வியாபாரம் போயிற்று. தெலுங்கில் இதே செடிதான் தங்கேடு, தெலங்கானாவின் மாநிலப் பூ. இங்கே ரோட்டோரத்தில் கிடக்கிறது.

மாடியில் தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வளர்க்கலாம், ஆனால் சுகமில்லை. முழங்கை ஆழத் தொட்டியில் ஒன்று வைத்தேன். உயிரோடு இருக்கிறது, வருஷத்துக்கு இருபது முப்பது பூ. தொட்டியில் வேருக்கு ஆழம் இல்லாததால் இந்தச் செடிக்கும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும், அப்புறம் எதற்கு ஆவாரை?

பூப் பறிப்பவர்கள் காலை ஒன்பது மணிக்கு மேல், வண்டு வேலை முடித்தபிறகு பறிக்கலாம். நிழலில் உலர்த்தி டப்பாவில் வைத்தால் கொதிக்கவைத்துக் குடிக்க ஆகும். வீட்டில் வளர்ப்பதன் லாபம், வண்டிப் புகையும் தூசியும் படியாத பூ. சர்க்கரைக்கு நல்லது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாமல், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறார். இதை நம்பி மாத்திரையை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

போன மார்கழி கடைசி நாள், காப்புக் கட்டுவதற்காக வேப்பிலையும் பூளைப்பூவும் எடுத்து வைத்துவிட்டு, ஆவாரங்கொத்து ஒடிக்க வெளியே வந்தேன். வாசலில் ஆட்டுக்காரத் தாத்தா நின்றுகொண்டிருந்தார். ஆடுகள் இல்லை, தனியாக.

"கரட்டுப் பாதையை அகலமாக்குறேன்னு எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டாக தாயி. காப்புக்கு ஒரு கொத்துகூட இல்ல. நீங்க வச்சிருக்கீகன்னு..."

"எடுத்துக்கோங்க தாத்தா, இதுல கேக்க என்ன இருக்கு?"

அவரே பார்த்து, பூவும் மொட்டுமாக இருந்த கிளைநுனியைக் கணுவுக்கு மேலாகப் பதமாக ஒடித்தார். காய்ந்த நெற்று நாலைந்தையும் உருவி மடியில் போட்டுக்கொண்டார். ஓடைக்கரையில் வீசிவிட்டுப் போகப்போவதாகச் சொன்னார். வெந்நீர், உப்புத்தாள் கதையை நான் ஆரம்பித்தேன். அவருக்கு அதில் அக்கறை இல்லை, மேட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்த தண்ணீர்க் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது மல்லிகைக்கு, தாத்தா" என்றேன்.